வாசலில் நின்ற ஊர்: ராஜபாளையம் கலைக்கூடத்தில் முதல் ஞாயிறு

நவீன ஓவியம் எனக்குப் புரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் பின்னூட்டத்தில் வந்து எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். இந்த வலைப்பதிவில் நான் வழக்கமாக எழுதுவது கோயில், அருவி, எந்த ஊரில் எந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும் என்பது மாதிரியான விஷயங்கள்தான். ராஜபாளையத்தில் புதிதாகத் திறந்திருக்கும் நவீன கலைக்கூடத்துக்கு நான் போனதற்கு ஒரே காரணம், அதைக் கட்டியவள் என் நாத்தனார்.

தேன்மொழி என் கணவரின் தங்கை. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். சென்னையில் ஆர்க்கிடெக்ட். ராஜபாளையத்தில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு நூற்பாலையைக் கலைக்கூடமாக மாற்றும் வேலை மூன்று வருடத்துக்கு முன் அவளிடம் வந்தது. அந்த மில்லில் இரண்டு பெரிய கூடங்கள் உண்டு. முதல் கூடத்தை முடித்துவிட்டாள். இரண்டாவது இன்னும் காலியாகக் கிடக்கிறது. அதில்தான் பிரச்சினையே.

மில் முதலாளி குடும்பத்தில் இரண்டு கட்சி. முதலாளியான பெரியவருக்குக் கலைக்கூடத்தில் ஆசை. மகனுக்கு இரண்டாவது கூடத்தைக் கல்யாண மண்டபமாக்க ஆசை. ‘முதல் வார இறுதியில் ஊர்க்காரர்கள் வருகிறார்களா என்று பார்ப்போம். வந்தால் ரெண்டும் கலைக்கூடம். வராவிட்டால் மண்டபம்’ என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் ஓடினால் இந்தப் பக்கம் யார் நின்று படம் பார்ப்பார்கள்? ஒரு வருடத்தில் முதல் கூடத்திலும் பந்தி போட்டுவிடுவார்கள் என்று தேன்மொழி போனில் புலம்பினாள். மூன்று வருட உழைப்பு, அவள் தனியாகச் செய்த முதல் பெரிய கட்டடம்.

சனிக்கிழமை திறப்பு விழா. அது அழைப்பிதழ் கிடைத்தவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் பொதுமக்களுக்கு. என் கணவருக்கு ஞாயிறும் டியூட்டி. அதனால் குடும்பத்தின் சார்பில் நான் மட்டும் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் செங்கோட்டை பாசஞ்சர் வசதி. டிக்கெட் நாற்பது ரூபாய்கூட இல்லை. நேரத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். சிவகாசி தாண்டியதும் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், மலை கூடவே வரும். இந்த ரயில் நேராக ராஜபாளையத்துக்கே போகும். ஆனால் நான் ஒரு ஸ்டேஷன் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டேன். ஆண்டாளைப் பார்க்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பார்க்கவும் செய்தேன், கூட்டம் இல்லை, அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். உண்மையான காரணம் பால்கோவா. காலையில் இறக்கிய சூட்டோடு அரை கிலோ இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். சூட்டோடு தருகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள், பெட்டியில் அடுக்கி வைத்திருப்பது இரண்டாம்பட்சம்தான்.

ராஜபாளையம் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் மில் இருப்பது ஊரைத் தாண்டி அய்யனார் கோவில் போகிற சாலையில், இன்னும் மூன்று கிலோமீட்டர். அதனால் ரபீக்கின் ஆட்டோவைப் பிடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டுக்கு வருகிற எல்லாரையும் ஏற்றி இறக்குகிறவர் அவர். நானூறு ரூபாய், காத்திருப்பதும் சேர்த்து.

“அந்த மில்லுக்கா எக்கா?” என்றார். “நம்ம தேனு கட்டுனதுன்னு சொன்னாவ. பூச்சு வேலை முடியுமுன்ன எதுக்குத் திறந்தாவ? காசு பத்தலையா?”

“அது பூசாமலேதான் இருக்கணுமாம், ரபீக்.”

“வெளிய சொல்லிராதிய” என்றார் அவர், உண்மையான அக்கறையோடு.

பத்தரை மணிக்குப் போய் இறங்கினோம். சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை, அதை ஒட்டி இரண்டு வேப்பமரம். மரத்தடியில் நாற்பது பேராவது நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் கலைக்கூடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே காத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் நீளமான செங்கல் சுவர் மட்டும்தான் தெரியும். பூச்சு இல்லை, வண்ணம் இல்லை, ஜன்னல் இல்லை. ஓரிடத்தில் அந்தச் சுவர் உள்பக்கமாக வளைந்து போகிறது. அந்த வளைவுதான் நுழைவாயில். கதவும் கிடையாது, நிலையும் கிடையாது. பெயர்ப் பலகையைக்கூட உள்ளங்கை அகல எழுத்தில் வைத்திருக்கிறாள். வளைவின் ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு செக்யூரிட்டி, யாரையும் பார்க்காமல் நேராக நின்றார்.

உள்ளே நடந்தால் விஷயம் வேறு. தலைக்கு மேலே திறந்த வானம், இரண்டு பக்கமும் செங்கல், தரை லேசாக இறங்குகிறது. லாரிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், கடைசியில் என் செருப்புச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. கடைசித் திருப்பத்தில் சட்டென்று மில்லுக்குள் இருக்கிறோம். கூரை ரம்பத்தின் பற்களைப் போல மேலும் கீழுமாக வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் வடக்குப் பக்கம் கண்ணாடி. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் வெயில் நேராக விழக் கூடாது என்பதற்காக மில் கட்டியவர்கள் செய்த ஏற்பாடு. ஓவியத்துக்கும் அதே வெளிச்சம்தான் வேண்டும் என்று தேன்மொழி அதைத் தொடவே இல்லை. இரும்புத் தூண்களையும், எண்ணெய்க் கறை படிந்த தரையையும் அப்படியே விட்டிருக்கிறாள். மேற்குச் சுவரில் மட்டும் நீளமாக ஒரு கீற்று ஜன்னல், உட்கார்ந்தால்தான் அதன் வழியாக மலை தெரியும். நின்றால் வெறும் சுவர்தான்.

இவ்வளவையும் நான் நிதானமாகப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், உள்ளே ஓர் ஆள்கூட இல்லை. தேன்மொழி மட்டும் அந்த ஜன்னல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

“ஒருத்தரும் வரலை, மதினி.”

“வெளியே அத்தனை பேர் நிக்கிறாங்களே?”

“வேடிக்கை பார்க்க நிக்கிறாங்க. ஒன்பது மணியிலேருந்து நிக்கிறாங்க. உள்ளே வரணும்னு ஒருத்தருக்கும் தோணலை. நாலு நாள் ஆட்டோவில மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னேன். அஞ்சு மணிக்குப் பெரியவர் வர்றார். என்னத்தக் காட்ட?”

எனக்கு ஒன்று உறுத்தியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எதற்காகப் பட்டுச் சேலை கட்டியிருக்க வேண்டும்? மரத்தடியில் நின்றவர்களில் பாதிப் பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பியிருந்தார்கள். பால்கோவாப் பையை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தேன்.

முன்னால் நின்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பச்சைப் பட்டு. பெயர் முத்துலட்சுமி, ஊர் தளவாய்புரம், நைட்டி தைக்கிறவர். கூடத் தைக்கிற ஆறு பேரோடு மினிபஸ்ஸில் வந்திருக்கிறார்.

“உள்ள போகலையா?” என்றேன்.

“போகணும்னுதான் வந்தோம்” என்றார். “வாசல்ல ஆரும் இல்லையே.”

“செக்யூரிட்டி நிக்கிறாரே.”

“நிக்காரு. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. வீட்டு ஆளுக ஒருத்தராவது வாசல்ல நின்னு வாங்கன்னு கேக்க வேண்டாமா? கேக்காம நாமளா எப்படி நொழைய?”

பின்னால் நின்ற ஒரு தாத்தா சேர்ந்துகொண்டார். “நேத்து வந்தவுகளுக்குப் பத்திரிகை வச்சாக. நமக்கு மைக்குல சொன்னாக. மைக்குல சொல்லுறது ஒரு அழைப்பா?”

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், என் மேலேயே கோபம் ஒரு பக்கம். இது தெரியாதவளா நான்? என் சித்தப்பா ஒருவர், சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய், வாசலில் வாங்க என்று யாரும் கேட்கவில்லை என்பதற்காக மொய்க் கவரோடு அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பியவர். அந்தச் சண்டை ஓய இரண்டு தீபாவளி ஆனது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். ‘வான்னு கேக்கல’ என்றால் அது குடும்பக் கணக்கில் ஏறிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த தேன்மொழிக்கும் இது தெரியாமல் இல்லை. கட்டடத்துக்கு வாசல் எங்கே என்று மூன்று வருடம் யோசித்தவள், அந்த வாசலில் யார் நிற்பது என்று யோசிக்கவே இல்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மதினி, இது கல்யாண வீடு இல்ல. பொது இடம். பஸ் ஸ்டாண்டுக்கும் லைப்ரரிக்கும் யாராவது வாசல்ல நின்னு கூப்பிடுறாங்களா? இது அவங்க இடம், யாரையும் கேக்காம நுழையணும்னுதானே கதவே வைக்கல?”

“நீ வச்ச கதவில்லாத வாசலைப் பார்த்தா அவங்களுக்கு வேற யாரோட வீடோ மாதிரி இருக்கு. நான் என்ன பண்ண? அஞ்சு மணிக்கு இதைப் பெரியவர்கிட்ட விளக்கிட்டு இருப்பியா, இல்ல இப்ப வந்து வாங்கன்னு சொல்லுவியா?”

அவள் எழுந்து, முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

டிக்கெட் மேஜையைத் தூக்கிக்கொண்டுபோய் வளைவின் முன்னால் போட்டோம். வெறும் மேஜை நன்றாக இல்லை. பால்கோவாவைத் தட்டில் வைக்கலாம் என்றேன், மனசு வலித்தாலும். “நெய்க் கையோட படத்தைத் தொட்டா?” என்று அலறினாள். சந்தனம் என்றேன். அது இன்னும் மோசம் என்றாள். கடைசியில் கற்கண்டுக்கு ஒப்புக்கொண்டாள். ரபீக் ஆட்டோவில் பறந்துபோய் ஒரு கிலோ கற்கண்டும், தன் சொந்த யோசனையில் கொஞ்சம் ரோஜாப் பூவும் வாங்கி வந்தார்.

தேன்மொழி வளைவின் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள். “வாங்க” என்றாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் யாரும் அசையவில்லை. அவள் சாலையைக் கடந்து மரத்தடிக்கே போய்விட்டாள். முத்துலட்சுமி முன்னால் நின்று, “நான்தான் இதைக் கட்டினேன். சின்னாண்டி மக, ஸ்ரீவில்லிபுத்தூர். வாங்க, எல்லாரும் உள்ள வாங்க” என்றாள்.

அவ்வளவுதான். “அதுக்கென்ன, வாரோம்” என்றார் முத்துலட்சுமி. கூட்டம் மொத்தமும் சாலையைக் கடந்தது. செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்கள். போட்டுக்கொண்டே வரலாம் என்றபோது பாதிப் பேர் நம்பவில்லை, கழற்றியே வைத்தார்கள். நான் மேஜை அருகில் நின்று கற்கண்டு கொடுத்து ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்று கேட்டேன். வாய் வலித்தது, ஆனால் அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் வரை கூட்டம் குறையவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வந்தது. கூடத்தின் நடுவில், இந்தப் பக்கத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியை அடுக்கடுக்காகக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அதற்குள் நடக்கும்படி ஒருவர் செய்திருக்கிறார். வெளிச்சம் அதற்குள் பால் மாதிரி நிற்கிறது. பிள்ளைகள் அதைவிட்டு வெளியே வரவே இல்லை. கிழக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிற ஓவியம். அதன் முன்னால் ஒரு தெலுங்கு பேசுகிற தம்பதி வெகுநேரம் நின்றார்கள். அம்மா “பாகுந்தி” (நன்றாக இருக்கிறது) என்றார், ஐயா “ஏமி பாகுந்தி?” (என்ன நன்றாக இருக்கிறது?) என்றார், அதோடு ஆரம்பித்த விவாதம் வெளியே போகும்வரை ஓயவில்லை. எனக்கும் அந்த ஓவியம் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

போக நினைப்பவர்களுக்கு வேண்டிய தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்துவிடுவேன். செவ்வாய் விடுமுறை. மற்ற நாளில் காலை பத்து முதல் மாலை ஆறு. மாவட்டத்துக்காரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஐம்பது ரூபாய். பதினோரு மணிக்கு முன் போனால் கூரை வெளிச்சம் மெத்தென்று இருக்கும். கீற்று ஜன்னலுக்குச் சாயங்காலம்தான் சரி. உள்ளே கேன்டீன் கிடையாது, எதிர் டீக்கடையில் உளுந்த வடை நன்றாக இருக்கிறது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், ‘பழைய மில்’ என்று சொல்லுங்கள், கலைக்கூடம் என்றால் முழிப்பார்கள். மழைக்காலம் என்றால் அப்படியே அய்யனார் கோவில் அருவிக்கும் போய்வரலாம், முன்கூட்டியே தண்ணீர் வருகிறதா, வனத்துறை விடுகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இனி சாயங்காலம் நடந்தது. நாலரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்து, நானும் தேன்மொழியும் வளைவின் உள்பக்கம் இருக்கும் டிக்கெட் அறைக்குள் உட்கார்ந்து முதல் முறையாக எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். (பால்கோவாதான். அரை கிலோவும் போயிற்று. கணவரிடம் எப்படிச் சமாளித்தேன் என்பது தனிக் கதை.) உள்ளே இருபது பேர்கூட இல்லை. சிறு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் கையில் எடுத்ததை அப்படியே வைத்தாள்.

“மதினி, முதலாளி.”

வளைவின் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் தனியாக நின்றார். சனிக்கிழமை விருந்தாளிகளோடு பின்பக்க ஆபீஸ் கேட் வழியாகக் காரிலேயே உள்ளே போனவர். கட்டி முடித்த பிறகு இந்த வாசலை இன்றுதான் பார்க்கிறார். கற்கண்டு மேஜை காலியாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம், செக்யூரிட்டி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தார், வளைவுக்குள் எட்டிப் பார்த்தார், ஓர் அடி பின்னால் வைத்தார். காலையில் மரத்தடியில் நின்றவர்கள் முகத்தில் இருந்த அதே தயக்கம். போச்சு, திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். தேன்மொழி எழுந்து ஓடப் போனாள். நாற்காலி தடுக்கியது.

அதற்குள் மினிபஸ்ஸிலிருந்து ஒரு கும்பல் இறங்கியது. முன்னால் முத்துலட்சுமி. காலையில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மாமியாரையும் தெருக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறார். வாசலில் தயங்கி நிற்கிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

“என்ன அண்ணாச்சி, நின்னுட்டீக?” என்றார். “கூச்சப்படாதீக. வாங்க, உள்ள வாங்க. நான் கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன்.”

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க இங்க வேலை பாக்கீகளாம்மா?”

“இல்லியே. காலைல ஒரு தடவை வந்தேன், அம்புட்டுதான். செருப்போடயே வரலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாக. வாங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மா பின்னால் போனார். நாங்கள் போகவில்லை. தேன்மொழி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் இரண்டு நாள் இருந்தது.

ஆறு மணிக்கு வெளியே வந்தார். தலையில் பேண்டேஜ் நூல் ஒரு பிசிறு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றார். கூட்டம் எவ்வளவு என்று கேட்கவில்லை, மகனைப் பற்றிப் பேசவில்லை.

“அந்தம்மா பக்கத்துக் கூடத்துக்கும் என்னை வாங்கன்னு கூப்பிட்டுச்சு” என்றார். “பூட்டிக் கிடக்கவும் அதுக்கு வருத்தமாப் போச்சு. அங்க எப்பம்மா படம் மாட்டப் போற?”

தேன்மொழி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவளுக்குப் பதிலாக நான்தான் சொன்னேன், சித்திரைக்குள் மாட்டிவிடுவாள் என்று.